ஆரோக்கியமேரியின் வலது கால்

என் ஆரோக்காவுக்கு,

கோபக்காரி என்று நீ பெயர் வைத்த ஜெசி எழுதுகிறேன். நீ போய் நாளையோடு ஒரு வருடம். இந்த ஒரு வருடத்தில் உனக்காக நான் அழுதது குறைவு, கத்தியதுதான் அதிகம். அம்மாவிடம் கத்தினேன். ஊரைப் பார்த்துக் கத்தினேன். மாதா படத்துக்கு முன்னால் நின்றும் கத்தினேன். கத்தவேண்டிய ஒரு ஆளிடம் மட்டும் இன்னும் கத்தவில்லை. அது யார் என்று இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

உன் கடையில், உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை அடிக்கிறேன். வலது கால் நீளம், இடது கால் குட்டை என்பதால் இடது காலுக்கு நீ போட்டுவைத்த மரப்பலகை மேஜைக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. தினமும் என் காலில் இடிக்கிறது. அதை எடுத்துப் போட மனசு வரவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஒன்றரை வயதில் உன் வலது பாதம் மட்டும் வளரத் தொடங்கியது என்று அம்மா சொல்வாள். பாதம், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். எலும்பும் சேர்ந்து நீண்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் தடித்தன. பத்து வயதில் உன் உள்ளங்கால் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிறவர் உன் வலது காலுக்குக் காகிதத்தை வைத்து அளவெடுத்து, எம்.சி.ஆர் ரப்பரில் தனியாகச் செருப்பு வெட்டிக்கொடுப்பார். இடது காலுக்குக் கடைச் செருப்பு. ஒரு ஜோடியை வாங்கி ஒன்றை மட்டும் போட்டுக்கொள்வாய். மிச்சமான வலது கால் செருப்புகள் ஒரு சாக்கு நிறையக் கட்டிலுக்கு அடியில் சேர்ந்துவிட்டன. ஒன்றுகூட மண்ணைத் தொடாத செருப்பு.

நம்ம பக்கத்தில் ஒரு கால் பெருத்தால் அதற்கு ஒரே ஒரு பெயர்தான். கடலோரம், வாய்க்கால், தேங்கின தண்ணீர், கொசு. யானைக்கால். திருப்பட்டினத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஸ்கூலில் உன்னை 'யானை' என்று கூப்பிட்டார்கள். டீச்சர்கூட ஒருநாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எத்தனை வருடம் நீ யானைக்கால் மாத்திரையை முழுங்கியிருப்பாய்! யானைக்கால் புழு இருக்கிறதா என்று ஊசி குத்தி உன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. இல்லை என்று வந்த பிறகும் சீட்டில் யானைக்கால் என்றே எழுதினார்கள். இல்லை என்றால் இல்லைதானே அக்கா? அதற்கு மேல் என்ன வேண்டும் இவர்களுக்கு?

சந்தேகப்பட்டவள் நீ ஒருத்திதான். "ஏண்டி ஜெசி, யானைக்கால்னா வீங்கும், சரி. எலும்பு எப்படிடி நீளும்? கொசு கடிச்சு யாருக்காவது எலும்பு நீண்டிருக்கா?" என்று கேட்டாய். அம்மா வருடா வருடம் வேளாங்கண்ணிக்குப் போய் வெள்ளியில் கால் செய்து மாதாவுக்குக் காணிக்கை போட்டுவிட்டு வருவாள். நீ சிரிப்பாய். "நீ குடுக்குற கால் எல்லாம் ஒரே அளவா, அழகா இருக்கும்மா. அது யார் காலுன்னு மாதாவுக்கு எப்படித் தெரியும்?" என்பாய்.

உன் வேலையே பிழை திருத்துவதுதானே. ஆரோ கம்ப்யூட்டர்ஸ் என்று போர்டு இருந்தாலும் ஊருக்கு அது பிழை திருத்துகிற கடை. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேட்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று பெயர் சிதைந்துபோனவர்கள் எல்லாம் உன்னிடம்தான் வருவார்கள். திருத்த மனு அடித்துக்கொடுப்பாய். மூன்று கட்டம். பதிவில் உள்ளபடி, இருக்கவேண்டியபடி, பிழைக்கான காரணம். மூன்றாவது கட்டத்துக்கு நீ யாரையும் எதுவும் கேட்டதே இல்லை. 'அறியாமையால் நேர்ந்த பிழை' என்று நீயே அடித்துவிடுவாய். "காரணம் யாருக்குத் தெரியும்? யார் மேலயும் பழி விழாது, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்லயும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்பாய்.

உனக்கு முப்பத்தொன்று நடந்தபோது, முதுகு வளைந்து வலி தாங்காமல் பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீ, நான், அம்மா. அங்கே ஒரு டாக்டரம்மா உன் கால் விரல், கை விரல், முதுகு எல்லாம் பார்த்தார். குழந்தையில் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். சதையைக் கொஞ்சம் எடுத்து எங்கேயோ அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டுச் சொன்னார். புரோட்டியஸ் சிண்ட்ரோம்.

"இது ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. ஜெனட்டிக்தான். ஆனா அப்பா அம்மாகிட்டேருந்து வர்றது இல்ல. கரு உண்டான பிறகு ஏதோ ஒரு செல்லுல நடக்குற தப்பு. அதுலேருந்து வந்த இடம் மட்டும் கூடுதலா வளரும். தங்கச்சிக்கு வராது, தங்கச்சி பிள்ளைங்களுக்கும் வராது" என்றார். பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "இதுல ரத்தம் கட்டிக்கிற ஆபத்து இருக்கு. கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் வந்தா உடனே எந்த ஆஸ்பத்திரிக்காவது ஓடுங்க. ஓடினதும் முதல்ல இந்தப் பேரைச் சொல்லுங்க. கட்டி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. போனில் தேடிப் பார்த்துவிட்டு, "புரோட்டியஸ்னா கிரேக்கக்காரங்க கும்பிட்ட கடல் சாமியாம்டி. நெனச்ச உருவம் எடுக்குமாம். கடலோரத்துல பொறந்தவளுக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்கான்" என்றாய். முப்பத்தோரு வருடம் கழித்து உனக்குச் சரியான பெயர் கிடைத்திருக்கிறது. திருத்த மனு போட்டவர்களுக்குப் புது சர்டிபிகேட் வந்த அன்று முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தாய்.

அம்மா காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். ஜெனட்டிக். அதை அவள் பரம்பரை என்று புரிந்துகொண்டாள். டாக்டர் அதற்குப் பிறகு சொன்ன எதுவும் அவளுக்குள் போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய கையோடு சொன்னாள்: "இத வெளிய மூச்சு விடக்கூடாது. ஜெசிக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம். ரத்தத்துலயே கோளாறு இருக்குற குடும்பம்னு ஒரு வார்த்தை போச்சுன்னா யார் வருவா? கொசு கடிச்சதுன்னே இருக்கட்டும்."

இதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை அக்கா. கொசு என்றால் கௌரவம், ரத்தம் என்றால் அவமானம். உலகத்தில் எந்த ஊரிலாவது யானைக்காலைப் பத்திரமாக வைத்துக் காப்பாற்றுவார்களா? நாம் காப்பாற்றினோம். நான் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. எனக்கும் கல்யாணம் ஆகவேண்டுமே. நீயும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். "கொசுவே இருந்துட்டுப் போகட்டும்மா" என்றாய்.

ஆனால் கடைக்கு வந்ததும் ஒரு சின்ன அட்டை அடித்தாய். நோயின் பெயர், 'ரத்தக் கட்டி இருக்கிறதா என உடனே பார்க்கவும்', பாண்டி டாக்டரின் போன் நம்பர். லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொண்டாய். எனக்கு மட்டும் காட்டினாய். வீட்டுக்கு ஒரு பெயர், பர்ஸுக்கு ஒரு பெயர்.

அடுத்த வருடம் என் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் உன் காலைப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டு, "யானைக்கால்ங்க, சின்னதுல கொசு கடிச்சு" என்றாள். "பாவம், எங்க ஊர்லயும் ரெண்டு பேருக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் காபியைக் குடித்தார். அவ்வளவுதான். கொசு எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்தது.

இனி அந்த நாள்.

பகல் பதினொரு மணி. நானும் மாமியாரும் மார்க்கெட்டில் இருந்தோம். நான் மூன்று மாதம். நீ போன் செய்தாய். "ரெண்டு நாளா கெண்டைக்கால் இழுத்துச்சுடி. இப்ப மூச்சு முட்டுது. வாயேன்." ஓடி வந்தோம். ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் எல்லோரும் அவர்களைத் திட்டிவிட்டு என்னை விட்டுவிடுவார்கள்.

உன்னைக் கட்டிலில் படுக்கவைத்து மூக்கில் மாஸ்க் வைத்தார்கள். உன்னால் பேச முடியவில்லை. டியூட்டி டாக்டர் சின்ன வயசு. பாவாடையை விலக்கிக் காலைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "யானைக்காலா?" என்று கேட்டார்.

பர்ஸோடு உன் பை என் மாமியார் கையில் இருந்தது. நீ மாஸ்க்குக்கு மேலே கண்ணை உருட்டி அந்தப் பையைப் பார்த்தாய். தடித்த அந்த இரண்டு விரலையும் தூக்கி அதைக் காட்டினாய். நீ எதைக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை என்று ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பொய். எனக்குப் புரிந்தது. மாமியாரிடம் பையை வாங்க வேண்டும், அவர் எதிரில் அட்டையை எடுக்க வேண்டும், ஜெனட்டிக் என்று டாக்டர் சத்தமாகச் சொல்வார், அவர் என் வயிற்றைப் பார்ப்பார். இத்தனையும் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது.

"ஆமாம் சார்" என்றேன்.

யானைக்கால்காரர்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும், கால் வலிக்கும். அதற்கு என்ன மருந்தோ அதைத்தான் அவர் போட்டார். நான் சொன்னதற்குத்தான் அவர் வைத்தியம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், மாமியார் காபி வாங்கப் போவார், அப்போது சொல்லலாம் என்று நின்றேன். மாமியார் காபி வாங்கப் போகவில்லை. உன் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குள் நீ போய்விட்டாய்.

கத்தவேண்டிய ஆள் நான்தான் அக்கா.

அடக்கத்துக்கு வந்தவர்கள் பூவை எல்லாம் உன் வலது கால் மேலேயே அள்ளிக் கொட்டினார்கள். காலை மறைக்கிறார்களாம். முகத்துக்கு ஒரு ரோஜாகூட மிஞ்சவில்லை. அஞ்சலி பிளெக்ஸுக்கு அம்மா கொடுத்த படத்தில் உன்னை மார்போடு வெட்டிவிட்டார்கள். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் பிளெக்ஸ் டிசைன் பண்ணிக்கொடுத்தவளுக்கு முழு உருவம் கிடைக்கவில்லை. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தனியாகப் பாண்டிக்குப் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன். பேரைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "பிழைச்சிருக்கலாம்மா. பிழைக்காமலும் போயிருக்கலாம்" என்றார். அந்த 'லாம்' என்னைத் தூங்கவிடவில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ யாராவது சொல்லித் தொலைத்திருந்தால் ஒரேயடியாக அழுது முடித்திருப்பேன்.

பாப்பா பிறந்துவிட்டாள். ஆறு மாதம். உன்னை மாதிரியே தூக்கத்தில் முறைக்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மாமியார் வழக்கம்போல அவள் காலை நீட்டி நீவிவிடுவார். அவருக்குத் தெரியாமல் நானும் தினமும் ஒரு வேலை செய்கிறேன். இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்துப் பார்க்கிறேன். ஒரே அளவு. வராது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அறிவுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அம்மாவை எத்தனை திட்டினேன், கடைசியில் என் கையும் அவள் கையாகத்தானே இருக்கிறது?

இந்த முறை பிளெக்ஸை நானே டிசைன் பண்ணினேன். கடை திறந்த அன்று வாசலில் நின்று, "காலோட எடுடி" என்று என்னை எடுக்கச் சொன்னாயே, அந்தப் படம். நீலச் சுடிதார், ஒரு காலில் கடைச் செருப்பு, ஒரு காலில் தைத்த செருப்பு, இடுப்பில் கை. கீழே 'இவருக்கு இருந்தது யானைக்கால் அல்ல' என்று கொட்டை எழுத்தில் போட்டு, மாதிரிக்கு ஒரு தாளில் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

சுரக்குடி மாணிக்கம் அய்யாவை நினைவிருக்கிறதா? நிலத்துப் பட்டாவில் பெயர் மாற்ற வருவாரே, இடது காலில் துணி சுற்றியிருப்பாரே. அவர் வந்து அதைப் படித்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, யானைக்கால்னா அவ்வளவு அசிங்கமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அப்படி இல்லங்கய்யா."

"எனக்கு யானைக்கால்தான். கொசு கடிச்சுத்தான் வந்துச்சு. எனக்கு அது சரியான பேரு. ஆரோவுக்கு அது தப்பான பேரு. அம்புட்டுதானே? அவளுக்கு என்னன்னு போடு. எனக்கு இருக்குறத எதுக்கு இல்லைன்னு போடுற?"

திருத்தினேன். 'இவர் புரோட்டியஸ் சிண்ட்ரோம் என்ற நோயுடன் வாழ்ந்தார். இது பரம்பரை நோய் அல்ல, தொற்றுநோயும் அல்ல.' மாணிக்கம் அய்யா கூடவே நின்று எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் பிளெக்ஸைக் கட்டினோம். அம்மா பார்த்துவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். தூக்கிவிட நான் போகவில்லை. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, "ஜெசி, இது என்ன வியாதி? சொல்லு" என்றார்.

சொன்னேன். அம்மா மறைத்தது, நான் மறைத்தது, பெண் பார்த்த அன்றைக்குச் சொன்ன பொய், அட்டை, பை, 'ஆமாம் சார்' எல்லாம். வீட்டைவிட்டுப் போ என்று சொல்வார், சொல்லட்டும் என்றுதான் நின்றேன். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

அவர் தன் கையைப் பார்த்தார். "அந்தப் பையா? என் கையிலயா இருந்துச்சு?" என்றார். பிறகு அழத் தொடங்கினார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாராம். நான் பயந்தது யாருக்கு? அந்த அறையில் என்னைத் தடுக்க ஒருவர்கூட இல்லை அக்கா.

மாமியார் மறுநாள் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது அவள் காலைச் சேர்த்துவைத்துப் பார்த்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டார். "வராதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கள்ல?" என்றார். "சொல்லிட்டாங்க அத்தை" என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து துவட்டினோம்.

இப்போது உனக்கு என் வாக்கு. உன் இறப்புக்கு ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் உன் பெயருக்கு எதிரே இன்னும் யானைக்கால் என்றுதான் இருக்கிறது. அதைத் திருத்தாமல் விடமாட்டேன். எத்தனை மேஜைக்கு அலையவிட்டாலும் அலைவேன். ஒவ்வொரு மேஜையிலும் காரணம் கேட்பார்கள், ஒவ்வொரு மேஜையிலும் சத்தமாகச் சொல்வேன். நாளைக் காலை உன் பூசை முடிந்ததும் கொடுக்க, நீ வைத்திருந்த அதே படிவத்தை எடுத்து, உன் கீபோர்டில் அடித்து முடித்துவிட்டேன். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் உன் வரியை அடிக்கப்போய் நின்றது. உன் வரியை என்னால் போட முடியாது அக்கா. எனக்குத் தெரியுமே.

பதிவில் உள்ளபடி: யானைக்கால்.
இருக்கவேண்டியபடி: புரோட்டியஸ் சிண்ட்ரோம்.
பிழைக்கான காரணம்: அறிந்தே சொன்னது.

இப்படிக்கு,
சொன்னவள்,
உன் கூடப் பிறந்த தங்கை
ஜெசிந்தா